கெம்பிக்குப் பன்னிரண்டு வயது

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற சாலையில், ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் குதிரைப் பண்ணை இருந்தது. நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். குதிரையைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பின்னால் போய் நின்றால் உதைக்கும் என்பது ஒன்றுதான். குமாஸ்தாவுக்குப் பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேனாவால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

பந்தயத்துக்கும் சவாரிக்கும் குட்டிகளை வளர்த்துக் கொடுக்கிற பண்ணை அது. முப்பது பெட்டைக் குதிரைகள், மூன்று பொலிகுதிரைகள். எந்தப் பெட்டை என்றைக்குப் பருவத்துக்கு வந்தது, எதோடு சேர்த்தார்கள், சினை நின்றதா இல்லையா, பதினோரு மாதம் கழித்து என்ன குட்டி போட்டது என்பதையெல்லாம் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எனக்கு இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. முதல் ஒரு மாதம் இதையெல்லாம் எழுதும்போது காது இரண்டும் சூடாகிவிடும், போங்கள்.

பண்ணையில் எல்லோரும் கன்னடம்தான். தமிழ் பேச எனக்கு வாய்த்தவர் ஒரே ஒருவர். மார்டள்ளிப் பக்கத்திலிருந்து வந்த குதிரைக்காரர், நாற்பது வயது இருக்கும். அந்த ஊரும் என் சொந்த ஊரும் கொள்ளேகாலுக்குப் பக்கம். அந்தக் காலத்தில் கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்ததால், நாங்கள் இரண்டு பேரும் மைசூர்க்காரர்களுக்கு வெளி மாகாணத்து ஆட்கள். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணா என்பேன். அவர் களி கிண்டினால் எனக்கும் ஒரு உருண்டை வந்துவிடும். காலையிலிருந்து கன்னடத்தில் தட்டுத் தடுமாறிவிட்டு, சாயங்காலம் அவரோடு நாலு வார்த்தை நம் பேச்சில் பேசினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அவருக்கு மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அவர் பொறுப்பில் ஒரு செந்நிறப் பெட்டைக் குதிரை இருந்தது. காகிதத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர். லாயத்தில் எல்லோரும் கெம்பி என்பார்கள், சிவப்பி என்று அர்த்தம். அது குட்டியாக இருந்தபோதிலிருந்து அவர்தான் தீனி வைத்துக் குளிப்பாட்டி வளர்த்தார். ஒன்பது குட்டி போட்ட குதிரை. ஆனால் கடைசி இரண்டு வருஷம் சினை பிடிக்கவில்லை.

நான் சேர்ந்த வருஷம் பழைய முதலாளி காலமாகி, புது மானேஜர் ஒருவர் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் பழைய பதிவேடுகளைக் கேட்டார். பீரோவைத் திறந்தால் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. எல்லாக் குதிரைக்கும் புதிதாக வயது பார்த்து எழுதச் சொன்னார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். பதினைந்து வயதைத் தாண்டி, இரண்டு வருஷமாகச் சினை நிற்காத பெட்டைகளை வைத்துக்கொள்ள வேண்டாம், ஜட்காக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று.

கால்நடை டாக்டர் ஒருநாள் வந்து ஒவ்வொரு குதிரையின் உதட்டையும் தூக்கிப் பல் பார்த்தார். மேல் வரிசையின் ஓரப் பல்லில் பழுப்பாக ஒரு கோடு இருக்குமாம். பத்து வயதுக்குமேல் ஈறு ஓரத்தில் ஆரம்பித்து, வருஷா வருஷம் கீழே இறங்குமாம். கெம்பிக்கு அது பாதிப் பல்லைத் தாண்டி இறங்கியிருந்தது. "பதினேழு," என்றார். நான் பென்சிலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பதிவேட்டில் நிதானமாக மையில் எழுதி வைத்தால் அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"தம்பி, கெம்பிக்கு என்ன எழுதிப்போட்டீங்க?"

"இன்னும் எழுதலீங்கண்ணா. பதினேழுன்னு டாக்டர் சொன்னாருங்க."

"பதினேழுன்னு எழுதுனீங்கன்னா அவ சோலி முடிஞ்சுதுங்க. பொறந்ததுல இருந்து ஒரு நாளு வண்டியில பூட்டுனதில்ல. ஜட்காக்காரன் கையில மாட்டுனா ஒரு மாசந் தாங்க மாட்டா."

"அதுக்கு நான் என்னங்கண்ணா பண்றது? பல்லு பொய் சொல்லாதுங்களே."

"பல்லு சொல்லாதுங்க. பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டு சொல்லுமில்ல?" என்று சிரித்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வயது இருக்கும். அம்மா சொல்லும் வயது ஒன்று, சர்ட்டிபிகேட் வயது ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பின்னால் உத்தியோகத்துக்கு ஆகும்' என்று ஒன்றிரண்டு வருஷம் குறைத்து எழுதிவிடுவார். அப்பன்மார்கள் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு வருவார்கள். எனக்கும் அப்படித்தான் இரண்டு வருஷம் குறைத்திருந்தது. அதை நானேதான் ஒருநாள் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"உங்களுக்கு வாத்தியாரு கொறச்சாரு. யாரு கெட்டா சொல்லுங்க? அவளுக்கு ஒரு அஞ்சு வருசம் நீங்க கொறச்சுப்போடுங்க. புண்ணியமாப் போவுமுங்க."

எனக்கும் அது தப்பாகவே படவில்லை. வயதைக் குறைத்து எழுதினால் யாருக்காவது கெடுதல் வரும் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே! கெம்பியின் பெயருக்கு நேராகப் பன்னிரண்டு என்று அழகாக எழுதினேன். அடுத்த வாரம் வந்த டாக்டர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாளில் அவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

தை பிறந்ததும் குதிரைகளைச் சேர்க்கிற காலம் ஆரம்பமாயிற்று. மானேஜர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கெம்பியின் பக்கத்தில் நின்றார். பன்னிரண்டு வயது, நல்ல பருவம், இரண்டு வருஷமாக ஏன் சும்மா நிற்கிறது என்று கேட்டார். இந்த வருஷம் எப்படியாவது சினை நிற்க வேண்டும் என்று புது டாக்டரிடம் சொல்லிவிட்டார். அப்புறம் அந்தக் குதிரை பட்ட பாடு! கருப்பையில் குழாய் விட்டுக் கழுவினார்கள். மேல் உதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடித்துக்கொண்டு சேர்த்தார்கள். சினை நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் கழுவினார்கள், மறுபடியும் சேர்த்தார்கள். பெண்களுக்குப் போலக் குதிரைக்கு ஒரு வயதோடு எல்லாம் நின்றுவிடுவதில்லை. கிழடான பிறகும் பருவத்துக்கு வரும். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கெம்பி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கொள்ளுத் தீனியைத் தொடாமல் இருக்கும். "வயசான பொம்பளையப் போட்டு இந்தப் பாடு படுத்தறாங்களே தம்பி," என்று அண்ணன் ஒருநாள் சொன்னார். என்மேல் குறையாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. நான் ஜட்காவுக்கு இது மேல் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்றாவது தடவை சினை நின்றது. டாக்டர் கையை விட்டுப் பார்த்துச் சொன்ன அன்று அண்ணன் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு கட்டி. "பாத்தீங்களா, நம்ம புள்ள கெட்டிக்காரி!" என்று ஒரே குதிப்பு.

பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரை சினையாக இருந்தால், பத்தாவது மாதம் அதை ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய லாயத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதன் குதிரைக்காரருக்கு வேறு வேலை எதுவும் சொல்லக் கூடாது. குட்டி போடும்வரை அங்கேயே இருக்க வேண்டும், டாக்டரும் தினம் வந்து பார்ப்பார். வயதான குதிரைக்குப் பிரசவம் கண்டம் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதுக் குதிரைகளுக்கு இதெல்லாம் கிடையாது, ஆபீசுக்கு எட்டத்தில் இருந்த மேய்ச்சல் நிலத்திலேயே தானாகப் போட்டுக்கொள்ளும். பெரிய லாயத்துக்கு வரவேண்டிய குதிரைகளின் பட்டியலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி மானேஜரிடம் கொடுப்பது யார்? சாட்சாத் நான்தான்.

கெம்பிக்குப் பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"தம்பி, அவளுக்கு வயிறு ஒரேடியா எறங்கிப்போச்சுங்க. நிக்கறதுக்கே முடியல. பெரிய லாயத்துப் பட்டியல்ல அவ பேரையும் போட்டுருங்க."

"புஸ்தகத்துல பதிமூணுன்னுல்லங்கண்ணா இருக்குது? ஏன்னு மானேஜர் கேட்டா என்ன சொல்றது?"

"நெசத்தச் சொல்லிப்போடலாமுங்க. நாந்தான் கேட்டேன்னு சொல்லுங்க."

நான் மைக்கூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் முடிந்தால்தான் நிரந்தரம் ஆக்குவார்கள். இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. பட்டாளத்து மனிதர், பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று தெரிந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார் என்று பயந்தேன். ஊரில் அப்பா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்கண்ணா, சமயம் பாத்துச் சொல்றேன்," என்றேன்.

சமயம் எங்கே பார்த்தேன்! பட்டியலில் மூன்று குதிரைகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கெம்பியின் பெயர் அதில் இல்லை. அடுத்த மாதப் பட்டியலிலும் இல்லை. அண்ணன் அதற்குமேல் கேட்கவில்லை. தானாகவே தினமும் வேலை முடிந்து மேய்ச்சல் நிலத்துக்குப் போய் அதன் பக்கத்தில் இருந்தார்.

மாசியில் ஒருநாள், பந்தய மைதானத்துக்கு இரண்டு இளங்குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய் மூன்று நாள் இருந்து வர வேண்டும் என்று மானேஜர் அண்ணனுக்கு உத்தரவு போட்டார். போகும்போது என்னிடம் வந்தார். "இன்னைக்கோ நாளைக்கோ போட்டுருவா. ஒரு கண்ணு பாத்துக்குங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கெம்பி அசையாமல் நின்றது. என்ன பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போனேன். கெம்பி குட்டி போட்டிருந்தது. பெட்டைக் குட்டி, தாய் மாதிரியே சிவப்பு. ஈரத்தோடு எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது, தாய் நின்றபடி நக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பொய்யும் பயமும் எல்லாம் மலைபோல் வந்து பனிபோல் போய்விட்டது என்று நினைத்தேன். அண்ணன் வரும்போது பெரிய லாயத்தில் ராணி மாதிரி நிற்கட்டும் என்று தோன்றியது. கெம்பியின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, ஒரு ஆளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். அது இரண்டு தடவை நின்றது. களைப்பு என்று நினைத்து நான் கயிற்றை இழுத்தேன்.

லாயத்து வாசலில் அதற்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கால்கள் நடுங்கின. சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்துவிட்டது. பக்கத்து லாயத்துக் குதிரைக்காரர் ஓடிவந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இனி நிற்காது, சீம்பாலையாவது கறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் குட்டியும் தங்காது என்று கன்னடத்தில் கத்தினார். டாக்டருக்கு ஆள் போயிற்று. நான் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மண்டி போட்டேன். செத்துக்கொண்டிருந்த குதிரையின் மடியில் கை வைத்துப் பால் கறந்தேன். பால் சூடாக வந்தது. கெம்பி கழுத்தைத் தூக்கிக் குட்டி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தது. சொம்பு பாதி நிறைவதற்குள் அதற்கு மூச்சு நின்றுவிட்டது. ஐயோ, அந்தக் கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

டாக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈறைப் பார்க்க உதட்டைத் தூக்கியவர் பல்லைப் பார்த்துவிட்டார். இதற்குப் பதின்மூன்று வயது என்று எழுதியவன் யார், பதினெட்டுக்குக் குறையாதே என்று கேட்டார். "பழைய டாக்டர் கையெழுத்து இருக்கிறது சார்," என்றேன். அந்தச் சமயத்திலும் என் வாயில் அதுதான் வந்தது. வயதான குதிரைக்குக் கருப்பையின் ரத்தக்குழாய் பழைய சைக்கிள் டியூப் மாதிரி, பிரசவத்தின்போது வெடித்துவிடும் என்று அவர் விளக்கினார். வெடித்தாலும், இருட்டான இடத்தில் அசைக்காமல் வைத்திருந்தால் சிலது பிழைத்துக்கொள்ளும், நடத்தவே கூடாது என்றார். எவ்வளவு தூரம் நடத்தினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லியனுப்பியதும் மறுநாள் அண்ணன் வந்தார். அதற்குள் குழி வெட்டிப் புதைத்தாகிவிட்டது. அவர் நேராகக் குட்டியிடம் போய், அதற்குப் பசும்பால் புகட்டிவிட்டு, பிறகு அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் பின்னாலேயே போய் "அண்ணா" என்றேன். அழுதேன். அவர் திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நானுந்தான் பொய் எழுதச் சொன்னேன். அது ரெண்டு பேரு பாவமுங்க. ஆனா பட்டியல்ல அவ பேரு இருந்திருந்தா, நான் இங்கயே இருந்திருப்பேன் தம்பி."

அன்று மத்தியானம் அந்தக் குட்டியைப் பதிவேட்டில் எழுத உட்கார்ந்தேன். தாயின் வயது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பதின்மூன்று என்று எழுத என் கை ஓடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன். கெம்பிக்கு வயதைக் குறைத்து எழுதியது நான்தான், டாக்டர் சொன்னது பதினேழு என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தித்தி பரீரி," என்றார். திருத்தி எழுதுங்கள். அவ்வளவுதான். நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, வேறென்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டு வருஷம் முடிந்ததும் என்னை நிரந்தரமும் ஆக்கினார்கள்.

வெளியே வந்து அண்ணனைத் தேடிப் போய், மானேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். குட்டியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "ஆயித்து ஸ்வாமி," என்றார், கன்னடத்தில். சரி ஐயா என்று அர்த்தம். ஏன் கன்னடம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு தமிழ் பேசவே இல்லை. கோபமோ மரியாதைக் குறைவோ எதுவும் கிடையாது. தீனிக் கணக்குக் கேட்டால் சொல்வார், வணக்கம் வைத்தால் வைப்பார், எல்லாம் கன்னடத்தில், ஸ்வாமி என்றுதான். ஐந்தாறு மாதம் குட்டியை வளர்த்துப் பால் மறக்கடித்துவிட்டு, ஒருநாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வேலையை விட்டுப் போய்விட்டார்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மானேஜர் அன்று என்னைத் துரத்தியிருந்தால், போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பத்தாவது மாதம் அண்ணன் வந்து கேட்ட அன்றே நான் அந்த அறைக்குள் போயிருந்தாலும், அவர் தலை நிமிராமல் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார், கெம்பி பிழைத்திருக்கலாம் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.